பிடித்த மீனைக் கடலில் வீசத் தடை போட்டால் மட்டும் போதுமா?

போதாது. ஒதுக்கீடு (பிடிக்க அனுமதித்த அளவு) முடிந்தது, மீன் சிறியது என்று திரும்ப வீசப்படும் மீன்களில் பல ஏற்கெனவே செத்தவை. ஆழத்திலிருந்து சட்டென்று இழுக்கும்போது காற்றுப்பை வீங்கி, வயிறே வாய் வழியாகப் பிதுங்கி நிற்கும். அதனால் வேண்டாத மீன் வலையில் சிக்காமல் தடுப்பதுதான் முக்கியம். நார்வே 1987-லேயே காட், ஹாடக் மீன்களை வீசத் தடை போட்டது, கூடவே குஞ்சுகள் அதிகம் சிக்கினால் அந்தப் பகுதியையே மூடிவிடுகிறது, அப்புறம் இறால் வலைக்குள் சாய்வான கம்பித் தட்டி: இறால் இடுக்கில் நுழைந்து பின்னால் போகும், மீன் தட்டியில் மோதி மேலே உள்ள துளை வழியாகத் தப்பிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியமும் 2015 முதல் 2019-க்குள் படிப்படியாக, ஒதுக்கீட்டு மீன்களைக் கரைக்குக் கொண்டுவந்தே ஆகவேண்டும் என்றது. சரி, நடுக்கடலில் யார் பார்ப்பது? கண்காணிப்பு இல்லாவிட்டால் அது ஏட்டுச் சுரைக்காய்தான். ஒன்றியத்தில் விதிமீறல் அபாயம் அதிகமுள்ள பெரிய படகுகளில் 2028 முதல் கேமரா கட்டாயமாகிறது.