கிராமம் காலியாகிறதா, பட்டியல் மாறியதா?

வணக்கம் ஐயா,

2001, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் புத்தகங்களை வைத்துக் கோவை மாவட்டம் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். 2001-ல் 42.7 லட்சம் பேர், 2011-ல் 34.6 லட்சம் பேர். எங்கள் வட்டத்தில் ஊரக மக்கள்தொகையும் சரிந்திருக்கிறது. கிராமங்கள் காலியாகிவிட்டன என்று எழுதலாமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

இந்த எண்களை வைத்து எழுதாதீர்கள். 2009-ல் கோவையின் ஒரு பகுதியும் ஈரோட்டின் ஒரு பகுதியும் சேர்ந்து திருப்பூர் மாவட்டம் ஆனது. இன்றைய கோவைக்குள் இருக்கும் ஊர்களை மட்டும் கூட்டினால் 2001-ல் 29.2 லட்சம்தான். அதிலிருந்து 34.6 லட்சம் என்றால் 18.6 சதவீத வளர்ச்சி. திருத்திய 2001 எண் 2011 புத்தகத்திலேயே இருக்கிறது. பழைய புத்தகத்தின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதால்தான் இந்தப் பிழை வருகிறது.

வட்டத்தின் ஊரகச் சரிவுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ உழைக்கும் ஆண்களில் 75 சதவீதம் பேர் விவசாயத்துக்கு வெளியே. இந்த மூன்றும் அமைந்தால், நிர்வாகத்தில் ஊராட்சியாகவே இருந்தாலும், கணக்கெடுப்பு அந்த ஊரை நகரத்தில் சேர்த்துவிடும். இதைத்தான் 'சென்சஸ் டவுன்' என்கிறார்கள். தமிழ்நாட்டில் இவை 2001-ல் 111, 2011-ல் 376. கேரளத்தில் 99 என்பது 461 ஆனது. அங்கே ஊரக மக்கள்தொகை பத்தாண்டில் கால்பங்குக்கு மேல் 'குறைந்தது'. அத்தனை பேரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பவில்லை. அதே வீட்டில்தான் இருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2011-ன் நகரப் பட்டியல் அந்தக் கணக்கெடுப்புக்கு முன்பே, 2001 எண்களைக் கொண்டு முடிவானது. அப்போது 4,000 பேர் இருந்தாலே 5,000-ஐ எட்டிவிடும் என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் 2011-ல் நகரம் என்று பெயர் பெற்ற ஊரில் தொழில் மாற்றம் 2001-க்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பெண்களின் வேலை இந்தக் கணக்கில் வரவே இல்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

சரியாக ஒப்பிட, மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டின் ஊர்ப் பட்டியலிலிருந்து வட்டத்தின் எல்லா வருவாய்க் கிராமங்களையும் இரண்டு ஆண்டுக்கும் எழுதுங்கள். பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்கும். ஹெக்டேர் பரப்பையும் பாருங்கள். பரப்பு மாறியிருந்தால் ஊர் பிரிந்திருக்கிறது அல்லது நகராட்சியோடு சேர்ந்திருக்கிறது. புதிதாக நகரமான ஊர்களை இரண்டு ஆண்டிலும் ஊரகத்திலேயே வைத்துக் கூட்டுங்கள். அப்போதும் சரிவு இருந்தால் அது உண்மைச் சரிவு.

அதன் பிறகு காரணம் தேடலாம். மக்கள் குறைந்து குடும்பங்களின் எண்ணிக்கை கூடியிருந்தால் வீடுகள் காலியாகவில்லை, குடும்பம் சிறுத்திருக்கிறது. 0-6 வயதுக் குழந்தைகள் மட்டும் குறைந்திருந்தால் பிறப்பு குறைந்திருக்கிறது. ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் ஆயிரத்தைத் தாண்டி வெகுவாகக் கூடியிருந்தால் ஆண்கள் வெளியூரில் இருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

மாதத்தையும் மறக்காதீர்கள். 2011 கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. அந்த நாட்கள் முழுவதும் ஊரில் இல்லாதவர் அங்கே கணக்கில் வரமாட்டார். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகும் பருவம் அது. அத்தகைய ஊர்களில் பிப்ரவரி எண், ஆடி மாதத்து ஊரைக் காட்டாது.

அடுத்த கணக்கெடுப்புக்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1. 2011-க்குப் பிறகு உங்கள் வட்டத்தில் எந்த ஊராட்சி பேரூராட்சி ஆனது, எது மாநகராட்சியோடு சேர்ந்தது என்ற அரசாணைகளை இப்போதே தேடி எடுத்துவையுங்கள். புதிய எண்கள் வந்த பிறகு அவற்றைத் தேடுவது கடினம்.