எப்படித் தெரியும்னு கேளுங்க: பயோமெடிக்கல் சயின்ஸ் கேள்வி பதில்

பயோமெடிக்கல் சயின்ஸ் இளங்கலை படிக்கிறவங்க, சேரலாமான்னு யோசிக்கிறவங்க அனுப்பின கேள்விகளுக்கு இந்த முறை பதில். ஒரே மாதிரி வந்ததையெல்லாம் ஒண்ணா சேர்த்திருக்கோம்.

கேள்வி: மெடிசின் சீட் கிடைக்கல, அதனால இதுல சேர்ந்தேன். முதல் வருஷம் முடியப்போகுது. யாரப் பாத்தாலும் "அப்போ நீ டாக்டர் ஆகமாட்டியா"ன்னு கேக்குறாங்க. இந்தப் படிப்புக்கு நிஜமாவே மதிப்பு இருக்கா?

இருக்கும்மா, அத நம்பி தான் இவ்வளவு நாள் இத சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன். ஒரு டாக்டர் "உங்களுக்கு தைராய்டு கம்மியா சுரக்குது"ன்னு சொல்றாருன்னா தைராய்ட சுரக்கச் சொல்ற ஹார்மோனான டிஎஸ்ஹெச் ரத்தத்துல ஏறியிருக்குன்னு லேப் ரிப்போர்ட் வந்ததால தான் அவ்வளவு உறுதியா சொல்றார். இப்ப அந்த டிஎஸ்ஹெச்ச எப்படி அளக்கிறாங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. டிஎஸ்ஹெச், எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், கர்ப்பத்துல வர்ற ஹெச்சிஜி இந்த நாலு ஹார்மோனுக்கும் ஆல்ஃபா சங்கிலி ஒரே மாதிரி தான் இருக்கும், பீட்டா சங்கிலி மட்டும் தான் வேற வேற. அப்போ ஆல்ஃபாவ மட்டும் வச்சு பிடிக்கிற ஆன்டிபாடிய போட்டு டெஸ்ட் பண்ணினா கர்ப்பமா இருக்கிற பொண்ணுக்கு டிஎஸ்ஹெச் எக்கச்சக்கமா இருக்கிற மாதிரி பொய் ரிசல்ட் வரும். இதெல்லாம் யோசிச்சு டெஸ்ட்ட வடிவமைக்கிறதும், அது சரியா ஓடுதான்னு தினமும் பாத்துக்கிறதும் உங்க துறை ஆளுங்க வேலை. நோயாளிக்கு அவங்க முகம் தெரியாது, ஆனா அவங்க ரிசல்ட்ட வச்சு தான் மாத்திரையோட அளவே முடிவாகுது.

காட்டலின் காரிகோவ எடுத்துக்கங்க. அவங்க டாக்டர் கிடையாது, ஹங்கேரியில பயாலஜி படிச்சு பயோகெமிஸ்ட்ரியில பிஹெச்டி பண்ணினவங்க. புரோட்டீன் செய்யச் சொல்ற குறிப்பான எம்ஆர்என்ஏவ செல்லுக்குள்ள விட்டா உடம்பு அத எதிரின்னு நினைச்சு வீக்கத்த கிளப்புது, அதுல யூரிடினுக்கு பதிலா சூடோயூரிடின் மாதிரி கொஞ்சம் மாத்தின எழுத்த வச்சா அந்த எதிர்ப்பு அடங்குதுன்னு ட்ரூ வைஸ்மனோட சேர்ந்து 2005ல காட்டினாங்க. கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு அடித்தளமே அது தான், 2023ல ரெண்டு பேருக்கும் நோபல் கிடைச்சுது.

இன்னமும் டாக்டர் ஆகணும்னு தான் மனசு சொல்லுதுன்னா அதுவும் தப்பில்ல, டிகிரி முடிச்சவங்கள மெடிசின்ல சேர்த்துக்கிற வழி பிரிட்டன், ஆஸ்திரேலியா, அயர்லாந்து மாதிரி நாடுகள்ல இருக்கு, அமெரிக்காவுல பெரும்பாலும் டிகிரி முடிச்சிட்டு தான் மெடிக்கல் ஸ்கூலே. ஆனா போட்டி ரொம்ப கடுமை. அந்த ஒரே காரணத்துக்காக மூணு நாலு வருஷத்த காத்திருக்கிற நேரமா நினைச்சீங்கன்னா பாடமும் ஏறாது, மார்க்கும் வராது.

கேள்வி: பயோகெமிஸ்ட்ரி கொல்லுது. குளுக்கோஸ உடைக்கிற கிளைக்காலிசிஸ் 10 ஸ்டெப், கிரெப்ஸ் சுழற்சி, எல்லா என்சைம் பேரும்! படிச்சா ஒரு வாரத்துல மறந்துடுது. மனப்பாடத்துக்கு ஏதாவது வழி சொல்லுங்க.

தம்பி, வெறும் வரிசையா படிச்சா யாருக்கும் நிக்காது. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் "இது நின்னுபோனா என்ன ஆகும்"னு ஒரு கேள்விய மாட்டிவிடுங்க, அப்புறம் பாருங்க.

ஒரே ஒரு உதாரணம் முழுசா சொல்றேன். சுகர் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்கிற டியூப்ல, பொதுவா சாம்பல் நிற மூடி போட்டிருக்கும், அதுல சோடியம் ஃப்ளோரைடு இருக்கும். எதுக்கு? ரத்தம் டியூப்புக்கு வந்த பிறகும் அதுல இருக்கிற செல்லுங்க உயிரோட தான் இருக்கு, சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது, அதுக்கு இருக்கிற ஒரே சாப்பாட்டு வழி கிளைக்காலிசிஸ், அதனால டியூப்ல இருக்கிற குளுக்கோஸ அது பாட்டுக்கு தின்னுட்டே இருக்கும். சும்மா விட்டா மணிக்கு சுமார் 5லருந்து 7 சதவீதம் குறைஞ்சுடும், காலைல எடுத்த ரத்தத்த மத்தியானம் டெஸ்ட் பண்ணினா சர்க்கரை நோய் இருக்கிறவருக்கு கூட நார்மல்னு வரலாம். ஃப்ளோரைடு இத நிறுத்துது, ஈனோலேஸ்ங்கிற என்சைம முடக்கி.

இப்ப புக்க திறந்து ஈனோலேஸ் எத்தனாவது ஸ்டெப்புன்னு பாருங்க. 9. கடைசிக்கு முந்தினது! அப்போ வாசல்லயே தடுக்கல, உள்ள போய் ரொம்ப தூரத்துல தடுக்குது, அதுக்கு முன்னாடி இருக்கிற 8 ஸ்டெப்பும் கொஞ்ச நேரம் ஓடிக்கிட்டு தான் இருக்கும். அதனால தான் ஃப்ளோரைடு டியூப்லயும் முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரம் குளுக்கோஸ் குறையுது. இத சரிபண்ண சில டியூப்ல சிட்ரேட்டும் சேர்த்து ரத்தத்த அமிலமாக்குறாங்க, அமிலத்துல ஹெக்சோகைனேஸும் பாஸ்ஃபோஃப்ரக்டோகைனேஸும் மந்தமாகிடும், அதாவது 1வது, 3வது ஸ்டெப். வாசல்லயே பூட்டு.

பாத்தீங்களா, என்சைம் பேர் சொல்லியிருக்கோம்னு கூட கவனிக்காம மூணு என்சைமும் அதுங்களோட இடமும் உங்க மனசுல உக்காந்திருக்கும். இதே மாதிரி பைருவேட் கைனேஸ் குறைபாட்டுல ஏன் ரத்தசோகை வருதுன்னு நீங்களே ஒரு தடவ பேப்பர்ல வரைஞ்சு பாருங்க. அப்புறம் இன்னொண்ணு, ஹைலைட்டர் போட்டு திரும்பத் திரும்ப வாசிக்கிறத விட்டுட்டு புக்க மூடிட்டு வெத்துத்தாள்ல ஞாபகத்துலருந்து வரைங்க, விட்டுப்போனத பாத்து சிவப்புல எழுதுங்க, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி. கஷ்டமா இருக்கும், ஏதோ ஒண்ணுமே தெரியாத மாதிரி தோணும், ஆனா அந்த கஷ்டத்துல தான் பாடம் ஏறுது.

கேள்வி: பிராக்டிகல்னாலே கை நடுங்குது. போன வாரம் வெஸ்டர்ன் பிளாட் (புரோட்டீன ஜெல்லுல பிரிச்சு, மெம்பிரேனுக்கு மாத்தி, ஆன்டிபாடி வச்சு தேடுற டெஸ்ட்) பண்ணினோம், எங்க குரூப்புக்கு மட்டும் வெள்ளையா ஒண்ணுமே வரல. லேப் எனக்கு ஒத்துவராதோன்னு பயமா இருக்கு.

வெள்ளை பிளாட் வராத ஆளே லேப்ல கிடையாதும்மா. அத பாத்து பயப்படாதீங்க, விசாரிங்க. நீங்க பண்ண வேண்டியது எங்க வரைக்கும் சரியா போச்சுன்னு பின்னாலருந்து தேடுறது தான். டிரான்ஸ்ஃபர் முடிஞ்சதும் மெம்பிரேன பொன்சோ சாயத்துல முக்கினீங்களா? சிவப்பு பட்டைங்க தெரிஞ்சிருந்தா புரோட்டீன் மெம்பிரேனுக்கு வந்துடுச்சு, கோளாறு ஆன்டிபாடி பக்கம். தெரியலேன்னா டிரான்ஸ்ஃபர்லயே போச்சு, ஜெல்லையும் மெம்பிரேனையும் தலைகீழா அடுக்கியிருப்பீங்க. எஸ்டிஎஸ்ங்கிற சோப்பு மாதிரி பொருள் போட்ட புரோட்டீனுக்கு நெகட்டிவ் சார்ஜ், அது பாசிட்டிவ் முனைய நோக்கி ஓடும், மெம்பிரேன் அந்தப் பக்கம் இல்லாட்டி புரோட்டீன் எல்லாம் பஃபர்ல கரைஞ்சு போயிடும். ஆன்டிபாடி பக்கம்னா, முதல் ஆன்டிபாடி முயல்ல உண்டாக்கினதுன்னா ரெண்டாவது முயலோட ஆன்டிபாடிய பிடிக்கிறதா இருக்கணும், எலிக்கானத போட்டிருந்தா ஒண்ணும் வராது. பாட்டில் லேபிள பாருங்க. இன்னொரு இடமும் இருக்கு, பஃபர் கெடாம இருக்க சோடியம் அசைடு போட்டிருப்பாங்க, அது ரெண்டாவது ஆன்டிபாடியோட ஒட்டியிருக்கிற ஹெச்ஆர்பி என்சைம முடக்கிடும், ஹெச்ஆர்பி வேல செஞ்சா தானே வெளிச்சமே வரும்.

இவ்வளவையும் நோட்ல எழுதுங்க. "ரிசல்ட் வரல"ன்னு ஒரு வரியோட முடிச்ச ரிப்போர்ட்டுக்கும், எந்த இடத்துல உடைஞ்சதுன்னு தேடிக் கண்டுபிடிச்ச ரிப்போர்ட்டுக்கும் நான் மார்க் போடுறப்ப பெரிய வித்தியாசம் உண்டு. பக்கத்து குரூப் படத்த வாங்கி ஒட்டாதீங்க, தயவு செஞ்சு. நாளைக்கு உங்க கையெழுத்து போட்ட ரிப்போர்ட்ட நம்பி ஒரு நோயாளிக்கு வைத்தியம் நடக்கும்.

கை நடுக்கத்துக்கு மருந்து பைப்பெட் பழக்கம். தண்ணிய எடுக்கிறப்ப கட்டை விரல முதல் தடை வரைக்கும் மட்டும் அமுக்கணும், புதுசா வர்றவங்க பாதி பேர் ரெண்டாவது தடை வரைக்கும் அமுக்கி எடுத்து அளவ கூட்டிடுறாங்க. டிப் நுனி லேசா முங்கினா போதும், விரல மெதுவா விடணும், சட்டுன்னு விட்டா காத்துக்குமிழ் ஏறிடும். விடுறப்ப தான் ரெண்டாவது தடை. லேப் காலியா இருக்கிறப்ப தராசு மேல ஒரு சின்ன டியூப்ப வச்சு 100 மைக்ரோலிட்டர் தண்ணி விட்டு விட்டு எடை பாருங்க, ஒவ்வொரு தடவையும் 0.1 கிராம் கிட்ட ஏறணும். ஒரு தடவ 0.092, அடுத்த தடவ 0.108ன்னு ஆடுதுன்னா கை இன்னும் பழகணும். எப்பவுமே 0.095 தான் வருதுன்னா கை நல்லா தான் இருக்கு, பைப்பெட்ட சரிபாக்கக் குடுங்க.

கேள்வி: பயாலஜி புடிக்கும்னு தான் சேர்ந்தேன், இங்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒரு பேப்பர். இது எதுக்கு?

இந்தக் கணக்க போட்டுப் பாருங்க. ஒரு நோய் 1000 பேர்ல ஒருத்தருக்கு இருக்கு. ஒரு டெஸ்ட், நோய் இருக்கிறவங்கள 99 சதவீதம் சரியா பிடிக்கும், இல்லாதவங்கள 99 சதவீதம் சரியா இல்லன்னு சொல்லும். அருமையான டெஸ்ட் மாதிரி தானே தெரியுது? 1,00,000 பேருக்கு பண்ணுவோம். நோய் இருக்கிறது 100 பேர், அதுல 99 பேருக்கு பாசிட்டிவ். நோய் இல்லாதவங்க 99,900 பேர், அதுல 1 சதவீதம், 999 பேருக்கும் பாசிட்டிவ். மொத்தம் 1,098 பாசிட்டிவ்ல நிஜமா நோய் இருக்கிறது வெறும் 99, கிட்டத்தட்ட 9 சதவீதம். அப்போ பாசிட்டிவ் வந்த பத்து பேர்ல ஒம்பது பேர் காரணமே இல்லாம தூக்கம் கெட்டுக் கிடப்பாங்க. இது தெரியாம ஒரு டெஸ்ட் நல்லதா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது, அதுக்கு தான் அந்த பேப்பர். ஆசையா படிங்க.

கேள்வி: பயோடெக், பயோமெடிக்கல் இன்ஜினியரிங், இது எல்லாம் ஒண்ணா?

இல்ல. இன்ஜினியரிங்ல எம்ஆர்ஐ மெஷின், பேஸ்மேக்கர், செயற்கை மூட்டு மாதிரி கருவிங்கள உருவாக்குவாங்க, கணக்கும் எலக்ட்ரானிக்ஸும் கூட. பயோடெக்ல உயிரிகள வச்சு பொருள் தயாரிக்கிறது, அது மருந்தாவும் இருக்கலாம் விவசாயமாவும் இருக்கலாம். இங்க மனுஷ உடம்பும் நோயும் தான் மையம், அத லேப்ல எப்படி கண்டுபிடிக்கிறதுங்கிறது தான் முழுப் படிப்பும். பேர மட்டும் பாத்து சேராம சிலபஸ வாங்கி லேப் மணிநேரம் எவ்வளவுன்னு பாருங்க.

கேள்வி: ரெண்டாவது வருஷம். ஆய்வுக்கட்டுரை படிக்கச் சொல்றாங்க, ஒரு பாராவ தாண்ட முடியல.

முதல் பக்கத்துலருந்து வரிசையா படிக்காதீங்க. சுருக்கத்த பாத்துட்டு நேரா படங்களுக்கு போங்க, ஒவ்வொரு படத்துக்கும் கன்ட்ரோல் எது, "என் ஈக்வல்ஸ் 3"ன்னு போட்டிருக்கே அது மூணு தனித்தனி சோதனையா இல்ல ஒரே தட்டுல பக்கத்து பக்கத்து மூணு குழியான்னு தேடுங்க. அப்புறம், இந்தப் படம் எத வரைக்கும் காட்டுது, எங்கருந்து ஆசிரியர் தாவுறார்?

வயித்துப்புண் கதையில இத நல்லா பாக்கலாம். ராபின் வாரனும் பேரி மார்ஷலும் வயித்து திசுவுல வளைஞ்ச பாக்டீரியாவ பாத்தாங்க. கூட இருந்தா அது தான் காரணம்னு ஆகிடுமா? ஆகாது, புண்ணான இடத்துல பின்னால குடியேறியிருக்கலாம். 1984ல மார்ஷல் அந்த பாக்டீரியாவ தானே குடிச்சார், வயித்துல அழற்சி வந்துச்சு. புண் வரல! அப்போ அந்த ஒரு சோதனை அழற்சி வரைக்கும் தான் காட்டுது. ஆன்டிபயாட்டிக் குடுத்து பாக்டீரியாவ ஒழிச்சவங்களுக்கு புண் திரும்ப வர்றது ரொம்ப குறைஞ்சதுன்னு பின்னால வந்த ஆய்வுங்க தான் மீதிய நிரப்பிச்சு. 2005ல நோபல். எந்தக் கட்டுரைய எடுத்தாலும் இப்படி படி படியா பிரிச்சுப் பாருங்க, இங்கிலீஷ் தானா வழிக்கு வந்துடும்.

கேள்வி: முடிச்சா என்ன வேல?

ஆஸ்பத்திரி லேப், மருந்து கம்பெனியோட தரக்கட்டுப்பாடு, கிளினிக்கல் டிரயல் ஒருங்கிணைப்பு, கருத்தரிப்பு மையத்துல எம்ப்ரியாலஜி, தடயவியல், மேல்படிப்புன்னு பல பக்கம் போகலாம். ஆனா டிகிரி வாங்கினதும் ஆஸ்பத்திரி லேப்ல கையெழுத்து போடும் உரிமை தானா வந்துடாது. பிரிட்டன்ல "பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்"ங்கிற பேரே சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, ஹெச்சிபிசிங்கிற பதிவு அமைப்புல பதிவு பண்ணாம அந்தப் பேர போட்டுக்கக் கூடாது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதி. நீங்க வேல பாக்க நினைக்கிற நாட்டுல உங்க டிகிரிக்கு அங்கீகாரம் இருக்கான்னு சேர்றதுக்கு முன்னாடியே விசாரிச்சுடுங்க, கடைசி வருஷத்துல போய் தெரிஞ்சுக்கிட்டு அழுத பிள்ளைங்கள பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

கேள்வி: கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு கேன்சர் தான் வேணும்னு இருக்கேன், ஆனா அந்த கைடு பயங்கர பிஸி. பக்கத்து லேப்ல ஆன்டிபயாட்டிக்குக்கு பாக்டீரியா காட்டுற எதிர்ப்புத்திறன் பத்தி ஒரு தலைப்பு இருக்கு. எத எடுக்கிறது?

ரெண்டு லேப்லயும் இப்ப இருக்கிற சீனியர்கள தனியா பிடிச்சு கேளுங்க, கைடு எத்தன நாளைக்கு ஒரு தடவ உங்க டேட்டாவ உக்காந்து பாக்குறார், நீங்க பண்ணப்போற மெத்தட் அந்த லேப்ல ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கா இல்ல உங்கள வச்சு தான் ஆரம்பிக்கணுமா. சில மாச புராஜெக்ட்ல புது மெத்தட்ட நிலைநிறுத்துறது ரொம்ப சிரமம். கேன்சர் செல்ல வளக்க, கெடாம பாத்துக்க, திரும்ப உறைய வைக்கன்னு கத்துக்கவே பல வாரம் போயிடும், பாக்டீரியா ராத்திரி போட்டா காலைல வளந்து நிக்கும், அதனால ஒரே சோதனைய பல தடவ திரும்பப் பண்ணிப் பாக்கலாம். நான் உங்க இடத்துல இருந்தா பாக்டீரியாவ எடுப்பேன். கேன்சர மாஸ்டர்ஸ்ல பாத்துக்கலாம்.