10²⁰ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் பூமியின் காந்தப்புலத்தில் உடையுமா? சிமுலேஷனை எங்கே சரிபார்ப்பது

கேள்வி: முதுநிலை இயற்பியல் படிக்கிறேன். 10²⁰ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காஸ்மிக் ஃபோட்டான்கள் பூமியின் காந்தப்புலத்தில் என்ன ஆகின்றன என்று பார்க்க, புராஜெக்டுக்காகப் பைத்தானில் ஒரு சிமுலேஷன் எழுதினேன். 30,000 கி.மீ. உயரத்தில் தொடங்கி, 0.3 காஸ் (காந்தப்புல அலகு) சீரான புலத்தில் விட்டால், முதல் சில ஆயிரம் கி.மீ.க்குள்ளேயே எல்லா ஃபோட்டான்களும் எலக்ட்ரான்–பாசிட்ரான் இணைகளாக மாறிவிடுகின்றன. அதே ஃபோட்டானைக் கோர்சிகா என்ற நிரலில் ஓட்டினால் ஒன்றுகூட மாறுவதில்லை. எது சரி? வரும் திசையை மாற்றினால் கிடைக்கும் விடையும் குழப்புகிறது. இதையே அப்புறம் சூரியனுக்கும் செய்து பார்க்கலாமா?

பதில்: இரண்டு விடையுமே சரியில்லை. ஆனால் இரண்டுக்கும் காரணம் தெளிவாகச் சொல்ல முடியும், திருத்துவதும் கடினமில்லை.

முதலில் கோர்சிகா. அது காற்றுப்பொழிவுக்கான நிரல், அதாவது ஒரு துகள் காற்றில் மோதி உண்டாக்கும் துகள் மழையைக் கணக்கிடுவது. வளிமண்டலத்தின் உச்சி என்று அது எடுத்துக்கொள்ளும் சுமார் 112 கி.மீ. உயரத்தில்தான் அதன் வேலை தொடங்குகிறது. அதற்கு மேலே ஃபோட்டானுக்கு நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. மேலே நடப்பதையும் சேர்க்க வேண்டுமானால், கம்பைல் செய்யும்போது பிரீஷவர் என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போலந்தின் கிராக்கூவில் பியோதர் ஹோமோலாவும் சக ஆய்வாளர்களும் எழுதி 2005இல் வெளியிட்ட நிரல் அது; இரண்டாம் பதிப்பு 2013இல் வந்தது. அந்த விருப்பத்தோடு கம்பைல் செய்த பிறகு, உள்ளீட்டுக் கோப்பில் ஜி-கோஆர்ட் வரியில் இடத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை, ஆண்டு ஆகியவற்றைத் தர வேண்டும். மேக்னெட் வரி இருக்கிறதே என்று பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். மேக்னெட் வரி காற்றுக்குள் இருக்கும் உள்ளூர்ப் புலத்துக்கு மட்டுமே. விண்வெளியில் ஃபோட்டான் கடந்து வரும் புலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் சொந்த நிரலில் தவறு சீரான புலம்தான். பூமியின் புலம் மையத்திலிருந்துள்ள தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தரையில் 0.3 காஸ் என்றால் 30,000 கி.மீ. உயரத்தில் அது 0.0016 காஸ்தான். இது வெறும் 190 மடங்கு குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். மாற்றம் நடக்கும் வாய்ப்பு அதைவிடப் பயங்கரமான வேகத்தில் சரிகிறது. இந்தத் துறையின் மையமே இந்தச் சரிவுதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வெற்றிடத்தில் தனியாகப் போகும் ஃபோட்டான் இணையாக உடைய முடியாது. ஆற்றலும் உந்தமும் ஒருசேரப் பொருந்தாது. காந்தப்புலம் இருந்தால் அது உந்தத்தை வாங்கிக்கொள்ளும், உடைவது சாத்தியமாகும். எவ்வளவு எளிதாக உடையும் என்பதை ஒரே ஓர் அளவுரு தீர்மானிக்கிறது. கட்டுரைகளில் கை (χ) என்ற கிரேக்க எழுத்தால் குறிப்பார்கள். ஃபோட்டானின் ஆற்றலை எலக்ட்ரானின் நிலை ஆற்றலின் இரு மடங்கால் (10.22 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்) வகுங்கள். பாதைக்குச் செங்குத்தான புலக் கூறை மாறுநிலைப் புலமான 4.414 × 10¹³ காஸால் வகுங்கள். இரண்டையும் பெருக்கினால் அந்த அளவுரு. 10²⁰ எலக்ட்ரான் வோல்ட், 0.3 காஸ் என்றால் 0.66 வருகிறது. அளவுரு சிறிதாக இருக்கும்போது, வாய்ப்பில் ஓர் அடுக்குக்குறிக் காரணி வந்து உட்கார்ந்துகொள்கிறது: அடுக்கில் மைனஸ் நான்கை, அளவுருவின் மூன்று மடங்கால் வகுத்தது. தாமஸ் எர்பர் 1966இல் எழுதிய விரிவான மீள்பார்வைக் கட்டுரையில் உள்ள சமன்பாட்டைத்தான் இன்றும் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள்.

அதை 0.3 காஸ் சீரான செங்குத்துப் புலத்துக்குக் கணக்கிட்டால் சராசரி மோதலிடைத் தூரம், அதாவது உடைவதற்கு முன் ஃபோட்டான் சராசரியாகக் கடக்கும் தூரம், இப்படி வரும். 10²⁰ எலக்ட்ரான் வோல்ட்டில் சுமார் 340 கி.மீ. 5 × 10¹⁹இல் சுமார் 2,400 கி.மீ. 3.2 × 10¹⁹இல் ஏறக்குறைய 23,000 கி.மீ. 10¹⁹இல்? சுமார் 2,000 கோடி கி.மீ., அதாவது சூரியனிலிருந்து நெப்டியூன் வரையுள்ள தூரத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஆற்றல் பத்தில் ஒன்றாகக் குறைந்ததற்கே இந்த வித்தியாசம். உங்கள் நிரலில் வேறு எதையும் ஓட்டுவதற்கு முன் இந்த நான்கு எண்களும் வருகின்றனவா என்று பாருங்கள். வரவில்லை என்றால் பெரும்பாலும் அலகு மாற்றத்தில்தான் பிழை இருக்கும்: காஸா டெஸ்லாவா, அல்லது கோர்சிகா கேட்கும் கிகா எலக்ட்ரான் வோல்ட்டா என்று தேடுங்கள்.

அடுத்து, சீரான புலத்துக்குப் பதிலாக, தூரத்தின் மும்மடிக்குக் குறையும் இருமுனைப் புலத்தைப் போடுங்கள். அதே 10²⁰ ஃபோட்டானுக்கு 1,000 கி.மீ. உயரத்தில் மோதலிடைத் தூரம் ஏறக்குறைய 1,500 கி.மீ. ஆகிவிடும், 3,000 கி.மீ. உயரத்தில் 75,000 கி.மீ.க்கு மேல் போகும். ஆக, இந்த ஆற்றலில் உடைவதெல்லாம் கடைசி ஓரிரண்டாயிரம் கி.மீ.க்குள்தான். 10²¹ என்றால் கதை வேறு. 6,000 கி.மீ. உயரத்திலேயே மோதலிடைத் தூரம் 1,500 கி.மீ. அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதனால் 30,000 கி.மீ.யில் தொடங்கும் உங்கள் பழக்கத்தை மாற்ற வேண்டாம். இருமுனை மாதிரி சரியாக வந்த பிறகு, ஐ.ஜி.ஆர்.எஃப் என்ற சர்வதேசப் புல மாதிரிக்குப் போங்கள். அடுக்குக்குறியில் உட்கார்ந்திருக்கும் புலத்தில் பத்து சதவீதப் பிழை விடையில் பத்து சதவீதமாக நிற்காது.

படி நீளம் பற்றி ஒரு சொல். ஃபோட்டானுக்கு 10 கி.மீ. படி போதும். 340 கி.மீ. மோதலிடைத் தூரத்துக்கு அது ஒரு படிக்கு மூன்று சதவீத வாய்ப்பு. 100 கி.மீ. வைத்துக்கொண்டு, படி நீளத்தை மோதலிடைத் தூரத்தால் வகுத்து அப்படியே வாய்ப்பு என்று எடுத்தால் 29 சதவீதம் வரும், உண்மையில் 25.5 சதவீதம்தான். இதைவிட நல்ல வழி, பாதை நெடுகத் தொகைப்படுத்தி மொத்த வாய்ப்பைத் தனியாகக் கணக்கிட்டு, சீரற்ற எண்களால் வரும் விடையோடு ஒப்பிடுவது. ஆயிரம் ஃபோட்டான் விட்டால் இரண்டும் பெரும்பாலும் மூன்று சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும்.

திசைக் குழப்பத்துக்கு வருவோம். கணக்கில் நுழைவது பாதைக்குச் செங்குத்தான புலக் கூறு மட்டும் என்பதால் திசை மிக முக்கியம். அர்ஜென்டினாவின் மாலார்குவேயில் 3,000 சதுர கி.மீ.யில் பரந்திருக்கும் பியர் ஓஜே காஸ்மிக் கதிர் ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே புலம் சுமார் 24 மைக்ரோ டெஸ்லா (0.24 காஸ்). தென் அரைக்கோளம் என்பதால் அது வடக்கு நோக்கி, மேல்நோக்கி, கிடைத்தளத்துக்கு ஏறக்குறைய 35 டிகிரி சாய்ந்திருக்கிறது. அப்படியானால் வடக்கிலிருந்து 55 டிகிரி உச்சிக்கோணத்தில் (தலைக்கு நேர்மேலிருந்து அளக்கும் கோணம்) வரும் ஃபோட்டான் கிட்டத்தட்டப் புலக்கோட்டின் மேலேயே பயணிக்கிறது. உள்ளூர்ச் செங்குத்துக் கூறு ஏறக்குறைய சுழி. அதே 55 டிகிரியில் தெற்கிலிருந்து வந்தால் புலத்தின் 94 சதவீதம் செங்குத்தாக விழும். உயரே போகப் போகப் புலக்கோட்டின் திசை மாறுவதால் வடக்குப் பக்கம் முழுச் சுழி ஆகிவிடாது, ஆனாலும் வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

இதையே உங்கள் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். கோர்சிகாவில் திசைக்கோணம் என்பது துகள் எங்கே போகிறது என்பது. எங்கிருந்து வருகிறது என்பதல்ல. அளவு காந்த வடக்கிலிருந்து தொடங்குகிறது. சுழி டிகிரி கொடுத்தால் துகள் வடக்கு நோக்கிப் போகிறது, அதாவது தெற்கிலிருந்து வருகிறது. ஆய்வகங்களின் தரவுகளில் பெரும்பாலும் வரும் திசையைத்தான் தருவார்கள். இந்த 180 டிகிரியை மறந்தால் வலுவான புலமும் பலவீனமான புலமும் இடம் மாறிவிடும். நீங்கள் சொல்லும் குழப்பம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மாலார்குவேக்கு வடக்கு, தெற்கு இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். தெற்கிலிருந்து வருவதே அதிகம் உடைய வேண்டும். அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள டெலஸ்கோப் அர்ரே ஆய்வகத்தில் புலம் இதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அங்கே உடைவது குறைந்த ஆற்றலிலேயே தொடங்கிவிடும்.

உடைந்த பிறகு நடப்பதையும் பலர் அவசரமாக எழுதிவிடுகிறார்கள். ஆற்றலைச் சரிபாதியாகப் பிரிப்பது, அளவுரு ஒன்றுக்குக் கீழே இருக்கும்வரை முதல் பார்வைக்குப் போதும். அதற்கு மேலே ஒரு துகளே பெரும்பங்கைத் தூக்கிக்கொள்ளும் நிகழ்வுகள் கூடும், அதனால் பரவலிலிருந்து எடுப்பதே முறை. காந்தப்புலத்தில் வளையும் எலக்ட்ரான் ஃபோட்டான்களை உமிழும் சின்க்ரோட்ரான் கதிர்வீச்சில்தான் பெரிய பொறி. பாடப்புத்தகத்தின் செவ்வியல் சமன்பாட்டை இங்கே போடவே கூடாது. 0.2 காஸில் 5 × 10¹⁹ எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரானுக்கு அந்தச் சமன்பாடு தரும் சிறப்பு ஃபோட்டான் ஆற்றல், எலக்ட்ரானின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு. அதன் வால் பகுதியில் எலக்ட்ரானிடம் இருப்பதைவிட அதிக ஆற்றலுள்ள ஃபோட்டான்கள் வெளிவரும்! பின்னுதைப்பை (உமிழும்போது எலக்ட்ரான் இழப்பதை) சேர்த்த குவாண்டம் வடிவம் கட்டாயம் வேண்டும். அந்தப் புலத்தில் ஓர் எலக்ட்ரான் சுமார் 8 முதல் 10 கி.மீ.க்கு ஒரு ஃபோட்டானை உமிழ்கிறது, எனவே எலக்ட்ரானுக்கு 1 கி.மீ. படி வையுங்கள். 10¹² எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழ் உள்ள ஃபோட்டான்களைக் கணக்கில் எடுக்காமல் விடலாம். பிரீஷவரும் அங்கேதான் வெட்டுகிறது. உமிழ்ந்த ஒவ்வொரு ஃபோட்டானையும் மறுபடி உடையுமா என்று சோதிக்க மறக்காதீர்கள். இப்படியாக ஒரு ஃபோட்டான் வளிமண்டலத்தைத் தொடும்போது சில நூறு துகள்களாகிவிடுகிறது. இதைத்தான் முன்பொழிவு (பிரீஷவர்) என்கிறோம்.

இவ்வளவு துகள்களும் எவ்வளவு அகலத்தில் வரும் என்று கணக்கிட்டால் ஆச்சரியமாக இருக்கும். 0.3 காஸில் 5 × 10¹⁹ எலக்ட்ரானின் வளைவு ஆரம் அரை ஒளியாண்டுக்கு மேல். ஆயிரம் கி.மீ. பாதையில் அது விலகுவது 0.1 மில்லிமீட்டர்தான். 10¹⁸இல்கூட 5 மில்லிமீட்டர். ஆகவே பூமிக்கு முப்பரிமாணப் பாதை எழுத நேரம் செலவிட வேண்டாம். எல்லாத் துகளையும் ஒரே நேர்கோட்டில் நகர்த்துங்கள்.

இந்த உழைப்பெல்லாம் எதற்கு? உடையாத 10²⁰ ஃபோட்டான் காற்றில் நுழையும்போது லாண்டாவ்–பொமெரான்சுக்–மிக்டால் விளைவு அதன் பெருக்கத்தைத் தாமதப்படுத்துகிறது. பொழிவு மிக ஆழத்தில், நிகழ்வுக்கு நிகழ்வு பெரும் ஏற்ற இறக்கத்தோடு உச்சத்தை அடைகிறது. முன்பொழிவாக வந்தால் ஆற்றல் பல துகள்களுக்குப் பிரிந்திருப்பதால் பொழிவு மேலேயே வளர்ந்து, புரோட்டான் பொழிவுக்கு நெருங்கி வந்துவிடும். உடைந்த ஃபோட்டானை அணுக்கருவிலிருந்து பிரித்தறிவது அதனால் கடினமாகிறது. இந்த உச்ச ஆற்றலில் உறுதி செய்யப்பட்ட ஃபோட்டான் இதுவரை ஒன்றுமில்லை; ஆய்வகங்கள் தருவது மேல்வரம்புகள்தான். அந்த வரம்புகள் எந்தத் திசையில் எவ்வளவு உடையும் என்ற இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. குறைந்த ஆற்றலில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. சீனாவின் லாசோ ஆய்வகம் 2021இல் அறிவித்த 1.4 × 10¹⁵ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டானுக்கோ, ஊட்டியின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் பார்க்கும் ஆற்றல்களுக்கோ பிரீஷவர் தேவையே இல்லை.

கணினி நேரத்தைப் பொறுத்தவரை, முன்பொழிவு மட்டும் மடிக்கணினியிலேயே ஓடும். முழுக் காற்றுப்பொழிவை 10²⁰இல் ஓட்ட மெலிதாக்கல் வசதியோடு (பல துகள்களுக்குப் பதிலாக ஒன்றை மட்டும் எடையிட்டுப் பின்தொடர்வது) கல்லூரியின் கணினித் தொகுதி வேண்டும். அதனால் திசை, ஆற்றல் சோதனைகள் எல்லாவற்றையும் முதலிலேயே முடித்துவிடுங்கள்.

சூரியனுக்குத் தாராளமாகச் செய்யலாம், நல்ல தலைப்பு அது. ஆனால் பூமி நிரலை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். மேற்பரப்பருகே 1 காஸ், 7 லட்சம் கி.மீ. பாதை என்று தோராயமாக வைத்தாலே, பூமியில் உடையாமல் வரும் 10¹⁹ ஃபோட்டானுக்கு மோதலிடைத் தூரம் 5,000 கி.மீ. அளவுக்கு வந்துவிடுகிறது, அங்கே அது கட்டாயம் உடையும். நேர்கோட்டு அனுமானமும் அங்கே செல்லாது. அந்தப் பாதையில் 10¹⁸ எலக்ட்ரான் விலகும் கோணம் மிகச் சிறியதுதான், ஆனால் 15 கோடி கி.மீ. கடந்து பூமிக்கு வரும்போது அது சுமார் 3,000 கி.மீ. ஆகிவிடும். எனவே ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் அது உமிழப்பட்ட இடத்தையும், அந்தக் கணத்தில் எலக்ட்ரானின் திசையையும் சேமித்து வையுங்கள். புலத்தில் படிப்படியாக நகர்த்துவது சூரியனருகே மட்டும் போதும். மீதித் தூரத்தை அந்தத் திசையில் ஒரே நேர்கோடாக நீட்டி, பூமியில் எங்கே விழுகிறது என்று கணக்கிடலாம்.