அச்சில் விழுந்த உருவம் ஓவனில் ஏன் கலைகிறது?

கேள்வி: நெதர்லாந்தில் வேலை பார்க்கும் என் மகள், காற்றாலை உருவம் குழிவாகச் செதுக்கப்பட்ட மர அச்சு ஒன்றை வாங்கி வந்தாள். நான் வழக்கமாகச் செய்யும் வெண்ணெய் பிஸ்கட் மாவை அதில் அழுத்தினால் உருவம் அழகாக விழுகிறது. வெந்து வெளியே வரும்போது காற்றாலை இருந்த அடையாளமே இல்லை. எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. எந்த மாவு இதற்கு ஏற்றது?
வாசகி, கும்பகோணம்

பதில்: அச்சின் மீது குற்றமில்லை. நீங்கள் வழக்கமாகச் செய்வது உப்புவதற்கும் பரவுவதற்கும் ஏற்ற மாவு. உருவம் நிற்க வேண்டுமானால் அந்த இரண்டையும் தடுத்தாக வேண்டும். ஆகவே பேக்கிங் பவுடர், சமையல் சோடா இரண்டையும் அறவே விட்டுவிடுங்கள். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்கும் பழக்கமும் இங்கே வேண்டாம். அப்படி அடிக்கும்போது புகும் காற்றும் ஓவனில் விரிந்து கோடுகளை மழுக்கிவிடும்.

வெண்ணெய் 35 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடுகிறது. மாவு இறுகுவதற்கோ அதைவிட வெகு அதிகமான சூடு தேவை. இந்த இடைவெளியில்தான் உருவம் வழிந்து கலைகிறது என்பதால், வெண்ணெயைக் குறைப்பதும், மாவை நன்கு குளிரவைத்து ஓவனுக்குள் அனுப்புவதும் பயன் தரும். மைதா 250 கிராம், வெண்ணெய் 110 கிராம், பொடித்துச் சலித்த சர்க்கரை 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, மாவு ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் இரண்டு மூன்று தேக்கரண்டி பால் என்று தொடங்கிப் பாருங்கள். பொடிக்காத சர்க்கரை ஓவனில் உருகிப் பாகாகி மாவைப் பரவச் செய்யும்.

உங்கள் அச்சு, நெதர்லாந்தில் டிசம்பர் 5 அன்று கொண்டாடப்படும் புனித நிக்கோலஸ் திருநாளை ஒட்டிச் செய்யப்படும் ஸ்பெகுலாஸ் என்ற பிஸ்கட்டுக்கு உரியது. இலவங்கப்பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், ஏலக்காய் ஆகியவற்றை மிக நைசாக அரைத்துச் சேர்த்தால் அதன் மணம் கிடைத்துவிடும். கொரகொரப்பான தூள் நுண்ணிய கோடுகளைக் கெடுக்கும். அச்சில் அரிசி மாவைத் தூவி, கவிழ்த்துத் தட்டி மிகுதியை உதறிவிட்டு, பிசைந்த மாவை மூலைமுடுக்கெல்லாம் புகும்படி அழுத்தி, மேலே துருத்தி நிற்பதைக் கத்தியால் சீவுங்கள். பின்னர் அச்சின் விளிம்பை மேசையில் ஓங்கித் தட்டினால் உருவம் கழன்று விழும். அதைத் தட்டோடு குளிர்பெட்டியில் ஒரு மணி நேரமாவது வைத்து, முன்கூட்டியே 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஓவனில் ஓரங்கள் இலேசாகச் சிவக்கும்வரை மட்டும் சுடுங்கள். அச்சைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். உலர்ந்த தூரிகையால் துடைத்தாலே போதும்.

கேள்வி: நாங்கள் முட்டை சேர்ப்பவர்கள். முடியளவு கோடுகூடத் தெளிவாகத் தெரியும் மாவு எது?
வாசகர், மதுரை

பதில்: ஜெர்மனியின் தென்பகுதியில் செய்யப்படும் ஸ்ப்ரிங்கர்லே மாவைத்தான் சொல்வேன். அதில் வெண்ணெய் பெரும்பாலும் கிடையாது, அல்லது மிகக் குறைவு. முட்டை, பொடித்த சர்க்கரை, மாவு, சோம்பைப் போல மணக்கும் அனிஸ் விதை ஆகியவையே முக்கியம். தேய்த்த மாவின் மேல் அச்சைப் பதித்து வெட்டி, ஒரு நாள் முழுவதும் அப்படியே உலரவிடுவார்கள். மேற்பரப்பு காய்ந்து ஓடு போல இறுகிவிடுவதால், ஓவனில் மாவு மேலே உப்ப முடியாமல் அடிப்புறமாக எழும்புகிறது. அடியில் பாதம் போன்ற ஒரு விளிம்பு உண்டாகிறது, மேலிருக்கும் உருவமோ அசையாமல் நிற்கிறது. 150 டிகிரிக்கு மேல் போகாமல், மேற்பகுதி வெள்ளையாகவே இருக்கும்படி சுட வேண்டும்.

ஈரக்காற்று வீசும் மழைக்காலத்தில் இதைத் தொடங்காதீர்கள். மாவு ஒரு நாளில் உலராது. மின்விசிறிக் காற்றில் வைத்து, விரலால் தொட்டால் ஒட்டாத நிலை வந்த பிறகே ஓவனுக்குள் வையுங்கள்.