உதவி கேட்டால் பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்களா?

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். அண்ணன் தினமும் குடித்துவிட்டு வந்து, இரண்டாம் வகுப்பு படிக்கும் மூத்த பையனை அடிக்கிறாராம். மைனிக்கு விடிந்தால் மடியில் பீடித்தட்டு. ஆயிரம் பீடி முடிய வேண்டுமே என்று மூன்று வயதுப் பிள்ளையைச் சேலையால் ஜன்னல் கம்பியில் கட்டிவைக்கிறார். “குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டால் பிள்ளைகளை ஹோமில் போட்டுவிடுவார்களா? மைனியே போய் உதவி கேட்க வழி உண்டா?”

வழி உண்டு. முதலில் அந்தப் பயம். பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்குத்தான், இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோதுதான் என்கிறது 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். போன் போட்டதும் வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடாது. வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், பேசுவார்கள். பிரித்து வைக்க வேண்டிய நிலை வந்தால், அதைக் குழந்தைகள் நலக் குழு விசாரித்துத்தான் முடிவு செய்யும். ஆனாலும் யாரோ சொல்லி ஆள் வருவது வேறு, தாயே போய் ‘என்னால முடியல’ என்று சொல்வது வேறு. இரண்டாவதில் மைனிக்குக் கூச்சம் இருக்கும். பலன் அதில்தான் அதிகம்.

மைனியைக் குற்றவாளி போலப் பார்க்காதீர்கள். பிள்ளை புகையிலைத் தூளில் கை வைத்தாலும் ஆபத்து, கத்தரியை எடுத்தாலும் ஆபத்து, கட்டிப்போட்டது அதனால்தான். அவருக்குப் புத்திமதி தேவையில்லை, பகலில் பிள்ளையை விட ஓர் இடம் தேவை. அதற்கு அங்கன்வாடி இருக்கிறது. இரண்டு வயது முடிந்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள், மதியச் சாப்பாடும் உண்டு. மூத்தவன் படிப்பது அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் காலை உணவும் அங்கேயே கிடைக்கும். சாயங்காலம் அண்ணன் வரும் நேரத்தில் அவன் உங்கள் வீட்டில் பாடம் படிக்கட்டும். அத்தை வீடு பக்கத்தில் இருப்பதும் ஒரு பாதுகாப்புத்தான்.

அடுத்து அண்ணன். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416-க்கு இலவசமாகப் பேசலாம். அவர் பேச மறுத்தால் மைனி பேசட்டும். ஒன்றைக் கவனியுங்கள்: நம் ஊரில் கோயிலில் கயிறு கட்டி ஒரே நாளில் குடியை நிறுத்தச் சொல்வார்கள். பல வருஷமாகத் தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். கயிறு கட்டட்டும், ஆனால் டாக்டரைப் பார்த்த பிறகு.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் குடும்பத்துக்கு ஆலோசனை கிடைக்கும். எங்கே, யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால், திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். பிள்ளைகளுக்கான அரசின் நிதி ஆதரவுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அப்பா குடிக்கிறார் என்பதற்காக மட்டும் அது கிடைத்துவிடாது. தாய் விதவை, கைவிடப்பட்டவர், பெற்றோருக்குக் கடும் நோய், பராமரிக்கவே முடியாத நிலை போன்ற காரணம் வேண்டும். யாராவது ‘வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் மைனியின் சம்மதத்தோடு நடப்பவை. பையன் உடம்பில் சூட்டுக்காயமோ எலும்பு முறிவோ தெரிந்தால் யார் சம்மதத்துக்கும் காத்திருக்காமல் 1098-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளையிடம் யாராவது பாலியல் ரீதியாக நடந்துகொண்டது தெரிந்தால், சொல்லித்தான் ஆக வேண்டும். 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி மறைப்பதே குற்றம். அடி மைனி மேலும் விழுகிறது என்றால் பெண்கள் உதவி எண் 181.

நாளைக்கே மைனியையும் சின்னதையும் அங்கன்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ‘அரை நாள் வேலை கெட்டுப்போகுமே’ என்பார். அன்றைக்கு நீங்கள் கொஞ்சம் இலை வெட்டிக் கொடுத்துவிடுங்கள்.