சிஎஸ்வியில் தமிழ் உடைகிறது, ஃபார்முலா நுழைகிறது: என்ன செய்வது?

கேள்வி: எங்கள் பயிற்சி மையத்துக்கு வரும் விண்ணப்பங்களைப் பைத்தான் நிரல் ஒன்று சிஎஸ்வி கோப்பாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எழுத்துக் கோப்பு) எடுத்துத் தருகிறது. நோட்பேடில் சரியாகத் தெரியும் தமிழ்ப் பெயர்கள் எக்செல்லில் திறந்தால் கிறுக்கலாகின்றன. இதற்கிடையில் நிரலைப் பார்த்த நண்பர், 'ஃபார்முலா இன்ஜெக்‌ஷன் ஓட்டை இருக்கிறது' என்று பயமுறுத்துகிறார். வெறும் எழுத்துக் கோப்பில் என்ன ஆபத்து?

பதில்: நண்பர் சொல்வது சரிதான். இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றே. எந்தக் குறியாக்கம் (எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் முறை), எது எண், எது பெயர் என்ற விவரம் எதுவும் சிஎஸ்வி கோப்புக்குள் இருக்காது. அதனால் எக்செல் தானே ஊகித்துக்கொள்கிறது.

முதலில் கிறுக்கல். 'த' என்ற எழுத்து யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் மூன்று பைட்: 224, 174, 164. கோப்பின் தலையில் அடையாளம் இல்லாவிட்டால் விண்டோஸ் எக்செல் பெரும்பாலும் பழைய 1252 குறியாக்கம் என்று நினைத்து, ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டும். நாம் வழக்கமாக எழுதும் தமிழ் எழுத்துகள் எல்லாமே 224-ல் தொடங்கும். அடுத்தது 174 அல்லது 175. 1252-ல் 174 என்பது ® குறி. உங்கள் திரையிலும் ® வரிசையாக நிற்கிறதா? அப்படியானால் தரவு கெடவில்லை, வாசித்த விதம்தான் தப்பு. சேமிக்காமல் மூடிவிடுங்கள். ??? என்று இருந்தால்தான் கவலை. அங்கே எழுத்தே அழிந்துவிட்டது, அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழியில்லை.

தீர்வு சின்னது. கோப்பை எழுதும்போது குறியாக்கத்தின் பெயராக 'யூடிஎஃப்-8' என்பதற்குப் பதில் 'யூடிஎஃப்-8-சிக்' (utf-8-sig) கொடுங்கள். தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட் சேரும், எக்செல் புரிந்துகொள்ளும். ஆனால் அதே கோப்பை வேறு நிரல் சாதாரண யூடிஎஃப்-8 ஆக வாசித்தால், முதல் நெடுவரிசையின் பெயரோடு கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். 'பெயர்' என்ற நெடுவரிசை கண்ணெதிரே இருந்தும் இல்லை என்று பிழை வரும். இதில் ஒரு முழு மதியத்தை நான் தொலைத்திருக்கிறேன். வாசிக்கும்போதும் 'சிக்' சேர்த்தால் போதும்.

அப்புறம் ஓட்டை. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் பெயருக்குப் பதில் =1+1 என்று நிரப்பி, கோப்பை எடுத்து எக்செல்லில் திறந்து பாருங்கள். செல்லில் 2 இருக்கும். வெளியாள் எழுதியது உங்கள் அலுவலகக் கணினியில் ஓடிவிட்டது. அவர் கூட்டலுக்குப் பதில் ஹைப்பர்லிங்க் ஃபார்முலா எழுதி, பக்கத்துச் செல்களில் உள்ள தொலைபேசி எண்களைத் தன் தள முகவரியோடு ஒட்டிவைத்து, 'சான்றிதழைப் பார்க்க' என்று பெயரிட்டிருந்தால்? ஊழியர் ஒரு தடவை கிளிக் செய்தாலே எண்கள் போய்விடும்.

மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. எக்செல் மேற்கோளைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே பார்க்கும். =, +, -, @ ஆகியவற்றில் தொடங்கும் எதுவும் சந்தேகத்துக்குரியது; டேப் எழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். (@ எப்படி வந்தது என்றால், 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளில் ஃபங்ஷன்கள் அப்படித்தான் தொடங்கின. எக்செல் அந்தப் பழக்கத்தை இன்னும் ஏற்கிறது.)

அப்படிப்பட்ட மதிப்புக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் போடுவது வழக்கமான மருந்து. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. சிஎஸ்வியில் அந்த மேற்கோள் செல்லில் அப்படியே தெரியும். +91 என்று தொடங்கும் எண்ணெல்லாம் '+91 ஆகும். கோப்பைத் திரும்ப ஏற்றினால் தரவுத்தளத்திலும் புகும்.

எக்செல்லில்தான் திறக்கப்போகிறார்கள் என்றால், சிஎஸ்வியை விட்டுவிட்டு எக்செல்லின் சொந்த வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பாகவே கொடுங்கள். குறியாக்கத் தொல்லை அதிலேயே தீரும். ஆனால் ஓட்டை தானாக அடையாது: பைத்தானின் ஓபன்பைஎக்செல் (openpyxl) நூலகம் = என்று தொடங்கும் உரையைத் தானாகவே ஃபார்முலா ஆக்கிவிடும். செல்லில் மதிப்பை வைத்த பிறகு அதன் தரவு வகையை உரை என்று மாற்றுங்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் (XlsxWriter) நூலகம் என்றால் பொதுவான எழுதும் கட்டளையை விட்டு, உரைக்கென்றே உள்ள கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

ஊழியர்களிடம் ஒன்று சொல்லிவையுங்கள். தமிழ் உள்ள கோப்பை சிஎஸ்வியாகச் சேமிக்க நேர்ந்தால், பட்டியலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக இருப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் சிஎஸ்வியைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் முழுக்க ??? ஆகிவிடும்.