காமாலையில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் வந்தால் பி-தான் காரணமா?

ரங்கூனிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். 26 வயதுத் தம்பிக்குக் காய்ச்சல், வாந்தி. அப்புறம் கண் மஞ்சளாகிவிட்டது. ஈரல் எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று காட்டும் ஏ.எல்.டி. 1,850, மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிரூபின் 7. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் கிருமிகளில் பி பாசிட்டிவ். ஏ, சி நெகடிவ். "பி-க்கு மாத்திரை தொடங்கலாமா? கீழாநெல்லி கொடுக்கலாமா?"

இரண்டும் இப்போது வேண்டாம். பர்மாவில் 2015 கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் பி கிருமி இருந்தது. பலருக்கு அது பிறந்ததிலிருந்தே சத்தமில்லாமல் இருக்கும். அப்படிப்பட்டவரை வேறொரு கிருமி தாக்கினாலும் ரிப்போர்ட்டில் பி பாசிட்டிவ் என்றுதான் வரும். ஆன்டி-எச்பிசி ஐஜிஎம் (பி புதிதாகத் தொற்றும்போது ரத்தத்தில் தோன்றும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப்பொருள்) பாருங்கள். அது நெகடிவ் என்றால் இது புதிய பி தொற்றாக இருக்க வாய்ப்பு குறைவு. பாசிட்டிவ் என்றாலும், பழைய பி திடீரென்று கிளம்பும்போதும் அப்படி வருவதுண்டு.

என் சந்தேகம் ஹெபடைடிஸ் ஈ (E) கிருமி மேல்தான். தண்ணீர் வழியாகப் பரவுவது அது. 1982-83இல் ரங்கூனில் பெரிய அளவில் காமாலை பரவியபோது ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்றுதான் எழுதிவைக்க முடிந்தது. ஈ-க்கு அப்போது பெயரே கிடையாது. இன்று ஈ ஐஜிஎம் பரிசோதனை இருக்கிறது, அதைக் கேளுங்கள். சி ஆன்டிபாடி முதல் சில வாரங்களில் நெகடிவாகவே இருக்கலாம், அதனால் கிருமியையே நேரடியாகத் தேடும் சி ஆர்.என்.ஏ. பரிசோதனை பார்ப்பது நல்லது. காய்ச்சல் இருந்ததால் மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சலையும் விலக்க வேண்டும். டி.பி. மருந்து, நாட்டு மருந்து, பாராசிட்டமால் எவ்வளவு சாப்பிட்டார் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

புதிய பி என்றே வைத்துக்கொண்டாலும் பெரியவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு அது தானாகப் போய்விடும். மாத்திரை கடுமையான நிலைக்குத்தான்.

மஞ்சள் நிறத்தைவிட ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) முக்கியம். ஏ.எல்.டி. இறங்குகிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள், ஐ.என்.ஆர். ஏறிக்கொண்டே அது இறங்கினால் ஈரல் தோற்கிறது என்று அர்த்தம். ஐ.என்.ஆர். 1.5ஐத் தாண்டினாலோ, தம்பி உளறினாலோ, பகலெல்லாம் தூங்கினாலோ, ரத்தம் கசிந்தாலோ அன்றே பெரிய ஆஸ்பத்திரி.

வீட்டில் வழக்கமான சாப்பாடே போதும், பத்தியம் தேவையில்லை. சாராயம் அறவே கூடாது. கீழாநெல்லியால் கிருமி போகும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. இந்த நேரத்தில் ஈரலுக்கு எந்தப் புதுச் சுமையும் வேண்டாம். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். கர்ப்பிணி யாராவது இருந்தால் இரட்டைக் கவனம், கடைசி மாதங்களில் ஈ உயிரையே பறிக்கும்.

ஆறு மாதம் கழித்து பி-யைத் திரும்பப் பாருங்கள். அப்போதும் பாசிட்டிவ் என்றால் நாள்பட்ட பி, தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். வீட்டார் அதுவரை காத்திருக்க வேண்டாம்: இப்போதே எல்லோரும் பரிசோதித்து, பி இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும்.